மஞ்சள் நெரை

நூர்ஜஹான் போனில் கேட்டது ஒரே ஒரு பக்கம்தான்.

"அங்கிள், யூனிட்ட புதுக் கட்டடத்துக்கு மாத்துறோம். ஒரு சின்ன புக்கு போடுறோம்லா. பழைய ஸ்டாப் எல்லார்கிட்டயும் ஒரு சந்தோஷமான நினைவு கேக்குறோம். ஒரு பக்கம் போதும்."

நான் வேலையை விட்ட பிறகு அந்த ஆய்வுக்கூட ஆபீசில் கிராணியாக, கணக்கெழுதச் சேர்ந்த பெண் அவள். என்னை இரண்டு முறைதான் நேரில் பார்த்திருக்கிறாள். ஆனாலும் தீபாவளி, கிறிஸ்துமஸ், எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டுக்கும் வாழ்த்து அனுப்புவாள். புதுக் கட்டடத்தைப் பற்றிப் பெருமையாகச் சொன்னாள். எலிகளை நீந்தவிட்டுச் சோதிக்கும் தொட்டிக்கு மேலே கேமரா வைத்திருக்கிறார்களாம். எலி எந்தப் பக்கம் போனது, எத்தனை வினாடி ஆனது என்று கம்ப்யூட்டரே கோடு போட்டுக் காட்டிவிடுமாம்.

"ரூம்ல ஆளே இருக்கத் தேவையில்ல அங்கிள்."

"நம்ம யூனிட்ல ஆள் இருக்கக் கூடாதுன்னு சட்டம் எப்ப வந்துச்சு, தெரியுமா?"

"தெரியல. அது முன்னயே இருக்கு."

முன்னே இல்லை. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்புதான் வந்தது. என்னால் வந்தது. அதைத்தான் எழுதப் போகிறேன். ஒரு பக்கத்தில் அடங்காது. சந்தோஷமா என்று நூர்ஜஹானே படித்துவிட்டு முடிவு செய்துகொள்ளட்டும்.

நான் அருளப்பன். பாகான் செராய்க்கு உள்ளே இருந்த ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன். தோட்டம் செம்பனையாகி, பிறகு பாதி வீடுகளாகிவிட்டது. அதைப் பற்றி அழுது எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள், என்னை விட்டுவிடலாம். பள்ளி இறுதியான ஐந்தாம் படிவத்தோடு படிப்பை நிறுத்தி, ஈப்போவில் இரண்டு மூன்று வேலை பார்த்து, கடைசியில் ஆய்வுக்கூடத்தின் விலங்குப் பிரிவில் சேர்ந்தேன். கூண்டு கழுவினேன். மரத்தூள் மாற்றினேன். எலியை எப்படிப் பிடித்தால் கடிக்காது என்பதைக் கடிபட்டுக் கற்றேன். அப்படியே இருபத்தொன்பது வருஷம் ஓடிவிட்டது. நான் குடியிருக்கும் லகாட்டில் என்னை இன்றைக்கும் எலிக்காரர் என்றால்தான் தெரியும்.

மாணிக்கம் எனக்கு ஒரு வருஷம் கழித்துச் சேர்ந்தான். அவனும் தோட்டத்துப் பிள்ளை. என்னைப் போல பள்ளி விடுமுறையில் அம்மாவுக்குப் பால் பிடிக்கும் மங்கு துடைத்துக் கொடுத்தவன் இல்லை; மூன்று வருஷம் பேர் பதிந்து மரம் சீவியவன். என் மனைவி பிலோமினா நோயில் கிடந்த எட்டு மாதமும் என்னுடைய வேலையில் பாதியை அவன்தான் செய்தான். சவப்பெட்டியை முன்பக்கம் தூக்கியவனும் அவன்தான். மாதா கோயிலுக்குள் எப்போது எழ வேண்டும், எப்போது உட்கார வேண்டும் என்று தெரியாமல், மற்றவர்களைப் பார்த்துப் பார்த்து அரை வினாடி தாமதமாகவே எழுந்துகொண்டிருந்தான். துக்கத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது நினைவிருக்கிறது.

எங்களுக்கு மேலே டாக்டர் சியூ. காம்பார் ஊர்ச் சீனர், மிருக வைத்தியர் இல்லை, மூளை ஆராய்ச்சி செய்பவர். என்னைவிட ஏழெட்டு வயது இளையவர். எங்களோடு மலாயில்தான் பேசுவார், அதுவும் கணக்காகத்தான். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. பிடிக்காத வேலையைப் பார்த்தால் திட்ட மாட்டார். "உலாங்" என்பார். மறுபடி செய் என்று அர்த்தம். கூண்டு சரியாகக் கழுவவில்லையா, உலாங். எழுத்து புரியவில்லையா, உலாங். பென்சிலில்தான் எழுதுவார். எலிகளின் அறைக்குள் போகுமுன் கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பைக்குள் போட்டுவிட்டு, கதவை விரல் முட்டியால் மெதுவாக இரண்டு முறை தட்டுவார். தூங்கும் எலி திடுக்கிடக் கூடாதாம். நாங்கள் சாப்பிடும் அறைக் கதவை மட்டும் தட்டியதே கிடையாது, நேரே திறந்துகொண்டு வந்துவிடுவார்.

"எலியா பொறந்திருக்கலாம் மச்சான்" என்பான் மாணிக்கம்.

டாக்டர் ஆறு வருஷமாக ஒரு பெப்டைடோடு போராடிக்கொண்டிருந்தார். பெப்டைட் என்றால் புரதத்தின் ஒரு சின்னத் துண்டு, ஏழெட்டு மணி கோத்த சரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாயில் கொடுத்தால் வயிறு அறுத்துப் போட்டுவிடும். அதனால் மூக்கு வழியாகச் சொட்டாக விட வேண்டும். வயதான எலிக்கு மறதி வரும், நமக்கு வருவதுபோலத்தான். இந்தச் சரம் மூளைக்குள் போனால் அந்த மறதியைக் குறைக்குமா என்பதுதான் டாக்டரின் கேள்வி. மூன்று முறை செய்து பார்த்து மூன்று முறையும் ஒன்றுமில்லை. நான்காவது முறைக்குத்தான் அனுமதி கிடைத்திருந்தது, அதுவே கடைசி என்று மேலிடம் சொல்லிவிட்டது.

இருபத்து நான்கு கிழட்டு எலிகள். எல்லாம் வெள்ளை. பன்னிரண்டின் கூண்டில் மஞ்சள் ஒட்டுத்தாள், பன்னிரண்டில் பச்சை. மருந்துக் குப்பிகளும் அப்படியே, மஞ்சள் ஒன்று, பச்சை ஒன்று. ஒன்றில் பெப்டைட், மற்றதில் வெறும் உப்புத் தண்ணீர். எது எது என்று எங்களுக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. விடை ஓர் உறைக்குள் பக்கத்துக் கட்டடத்து இரும்புப் பெட்டியில் இருந்தது.

சொட்டு விடுவது பார்க்க எளிது. எலியை இடது உள்ளங்கையில் மல்லாத்த வேண்டும். கட்டை விரல் தாடைக்கு அடியில், அழுத்தாமல். குப்பியைக் குலுக்கவே கூடாது; குலுக்கினால் நுரைத்து மருந்து கெட்டுவிடும். ஒரு மூக்குத் துவாரத்தில் ஒரு சொட்டு, பத்து எண்ணும்வரை காத்திருப்பு, பிறகு அடுத்த துவாரம். ஆறு சொட்டு. காலையும் மாலையும். நாற்பது நாள்.

சொட்டு விடும் கையை நாளுக்கு நாள் மாற்ற வேண்டும் என்று விதி. இன்று மஞ்சள் எனக்கு, பச்சை மாணிக்கத்துக்கு. நாளை பச்சை எனக்கு. சுவரில் ஒரு தாள் தொங்கும், அதில் அன்றைக்கு யார் எதைச் செய்தது என்று முதலெழுத்துப் போட வேண்டும்.

நான்காம் நாள் மஞ்சளில் ஒரு கிழவன் மாணிக்கத்தின் விரலை எலும்புவரை கடித்துவிட்டான். அதே நாள் பச்சையில் இரண்டு என் கைக்கு அடங்கவில்லை, பாதிச் சொட்டு வெளியே போனது. மாணிக்கம் விரலில் கட்டோடு உட்கார்ந்து சொன்னான்:

"ஏன் மச்சான் இந்தப் பாடு? நெரை பிரிச்சிக்குவோம். மஞ்சள் உன் நெரை, பச்சை என் நெரை. தெரிஞ்ச கைன்னா மரமே ஒழுங்கா பால் குடுக்கும், எலி குடுக்காதா?"

நெரை என்றால் தோட்டத்தில் ஒருவருக்கென்று பிரித்துக் கொடுத்த மரவரிசை. ஏட்டில் நிரை என்று எழுதுவார்கள், எங்கள் வாயில் நெரைதான். அடுத்தவர் நெரையில் யாரும் கத்தி வைக்க மாட்டார்கள். எந்த மரம் எந்தப் பக்கம் சரிந்திருக்கிறது, எதற்குப் பட்டை மெலிசு என்று அந்த நெரைக்காரருக்குத்தான் தெரியும். எனக்கு அது நூற்றுக்கு நூறு சரியாகப்பட்டது. அன்றிலிருந்து பிரித்துக்கொண்டோம். தாளில் மட்டும் விதிப்படி மாற்றி மாற்றி முதலெழுத்துப் போட்டோம். பொய் எழுதுகிறோம் என்று இரண்டு பேருக்கும் தோன்றவே இல்லை. எலிக்கு நல்லது, மருந்து சிந்தவில்லை, வேறென்ன வேண்டும் என்று இருந்தோம்.

மஞ்சள் நெரை என்னுடையதானது. இங்கே ஒன்று சொல்ல வேண்டும். பிலோமினா போய் அப்போது இரண்டு வருஷம். மகள் கல்யாணமாகி ஜொகூரில் இருந்தாள். வீட்டில் பேச ஆளில்லை. சோறு எத்தனை பிடி, மாடிப்படி எத்தனை என்று எதையாவது வாய்விட்டு எண்ணுகிற பழக்கம் எனக்கு அப்போதுதான் வந்தது. ஒரு குரலாவது கேட்கட்டுமே என்றுதான். பத்து எண்ணச் சொன்னார்கள் என்றால், மாணிக்கம் மனதுக்குள் எண்ணுவான். நான் எலியின் முகத்துக்கு நேரே குனிந்து, "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று மெதுவாகச் சொல்வேன். பத்து வந்ததும் காதுக்குப் பின்னால் ஒரு தடவு தடவிவிடுவேன். ஒரு நாளைக்கு ஓர் எலிக்குப் பன்னிரண்டு முறை. கையில் மல்லாந்து கிடந்தபடி, மீசை ஆடாமல், என் வாயையே பார்த்துக்கொண்டிருக்கும். அந்த நாட்களில் என்னை அவ்வளவு கவனமாகக் கேட்டவர் வேறு யாருமில்லை.

நாற்பது நாள் முடிந்து நீச்சல் சோதனை தொடங்கியது. வட்டத் தொட்டி, இரண்டு ஆள் படுக்கலாம். தண்ணீரில் கறுப்புச் சாயம் கலந்து, லகாட்டில் ஈயம் தோண்டிவிட்ட குட்டை மாதிரி அடி தெரியாமல் இருக்கும். ஒரு பக்கத்தில் தண்ணீர் மட்டத்துக்கு ஒரு விரல் கீழே ஒரு மேடை ஒளிந்திருக்கும். எலியைத் தண்ணீரில் விட்டால் கால் ஊன்ற இடம் தேடி நீந்தும். அறைச் சுவரில் ஒரு முக்கோணம், ஒரு வட்டம், ஒரு கோடு போட்ட துணி. அவற்றைப் பார்த்து, மேடை எந்தப் பக்கம் என்று நினைவு வைத்துக்கொள்ள வேண்டும். அறுபது வினாடிக்குள் கண்டுபிடிக்காவிட்டால் நாம் கையால் கூட்டிப்போய் மேடையில் ஏற்றிவிடுவோம். தினமும் நான்கு முறை. நாளாக ஆக நேரம் குறைந்தால் ஞாபகம் இருக்கிறது என்று பொருள்.

மாணிக்கம் எலிகளை ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து விடுவான், துடைத்து எடுத்துப் போவான். நான் கடிகாரத்தோடு ஸ்டூலில் உட்கார்ந்து எழுதுவேன். என் எழுத்து புரியும் என்பதால் டாக்டர் அப்படி வைத்திருந்தார். அந்த ஸ்டூல் மேடை இருந்த பக்கத்துக்கு நேர் வெளியே. அங்கேதான் விளக்கு நன்றாக விழும்.

ஆறாம் நாளே தெரிந்துவிட்டது. பச்சை எலிகள் ஐம்பது வினாடி, அறுபது வினாடி என்று சுற்றிக்கொண்டிருந்தன. மஞ்சள் எலிகள் பத்து வினாடியில் மேடை ஏறின. பதினான்காம் எண் கிழவன், மாணிக்கத்தைக் கடித்தவன்தான், ஏழு வினாடியில் வந்துவிடுவான். தண்ணீரில் விழுந்ததும் ஒரு சுற்று சுற்றி, மூக்கை உயர்த்தி, கோடு போட்டதுபோல நேரே வருவான்.

உறையைப் பிரித்தார்கள். மஞ்சள்தான் பெப்டைட்.

அன்றைக்கு நாங்கள் டீ குடித்துக்கொண்டிருந்த அறைக் கதவை யாரோ இரண்டு முறை தட்டினார்கள். டாக்டர் சியூ. கையில் ஒரு பொட்டலம் ஹியோங் பியா பிஸ்கட். எங்களுக்கு நடுவில் வைத்துவிட்டு, தானும் ஒரு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். மூன்று பேரும் பிஸ்கட் தின்றோம். போகும்போது, வெளிநாட்டிலிருந்து ஒரு குழு பார்க்க வருகிறது என்றார். பிறகு மாணிக்கத்தைப் பார்த்து, மேற்பார்வையாளர் பதவிக்கு அவன் பெயரைக் கொடுத்திருப்பதாகவும் சொன்னார். அவன் அதற்காக மூன்று முறை நேர்காணலுக்குப் போய் வந்தவன். டாக்டர் போன பிறகு அவன் பிஸ்கட் தூளை விரலால் ஒற்றி ஒற்றித் தின்றுகொண்டே இருந்தான்.

அடுத்த வாரம் மிருக வைத்தியர் வந்து எல்லா எலியையும் சோதித்தார். பதினான்கின் கண்ணில் விளக்கை அடித்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். இரண்டு கண்ணிலும் புரை முற்றிவிட்டது, பார்வை போய் மாதக்கணக்காகியிருக்கும் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

நான் அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். கண் தெரியாத எலி எந்த முக்கோணத்தைப் பார்த்து, எந்தத் துணியைப் பார்த்து ஏழு வினாடியில் வந்தது?

மதிய இடைவேளையில் எல்லாரும் சாப்பிடப் போனதும் பதினான்கைத் தொட்டிக்குக் கொண்டுபோனேன். விட்டுவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்து வாயை இறுக்கி மூடிக்கொண்டேன். ஓரம் ஓரமாகவே சுற்றியது. அறுபது வினாடி ஆயிற்று. எடுத்துத் துடைத்து, கொஞ்ச நேரம் விட்டு, மறுபடி விட்டேன். இந்த முறை கடிகாரத்தைப் பார்த்து, எப்போதும்போல, "ஒண்ணு, ரெண்டு" என்றேன்.

மூன்று சொல்வதற்குள் திரும்பிவிட்டது.

கடிகாரம் கையில் இருக்கும்போது எதற்கு எண்ண வேண்டும்? எண்ணியிருக்கிறேன். அத்தனை நாளும், அத்தனை முறையும், எனக்கே தெரியாமல் முணுமுணுப்பாக எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறேன். என் நெரை எலிகளுக்கு அந்தக் குரல் தெரியும். அது இருக்கும் இடத்தில் ஒரு கை இருக்கும், பிடிக்கும், தடவும். அவை அந்தக் குரலைத் தேடி வந்தன. வரும் வழியில் மேடை காலில் தட்டியது. பச்சை எலிகளுக்கு நான் யாரோ. மருந்து வேலை செய்யவே இல்லை. எலிகள் நினைவில் வைத்திருந்தது மேடையை அல்ல, என்னை.

சொல்ல வெட்கமாக இருக்கிறது. அந்த நேரத்தில் எனக்கு முதலில் வந்தது பயம் இல்லை. சந்தோஷம். ஈர எலியை நெஞ்சோடு வைத்துக்கொண்டு அந்த அரையிருட்டு அறையில் நான் அழுதேன். பயம் அதற்குப் பிறகுதான் வந்தது.

மாணிக்கத்திடம் சொன்னேன். வழக்கமாகப் போகும் மாமாக் டீக்கடையில், தே தாரிக் ஆறிக்கொண்டிருந்தது. முழுக்கக் கேட்டான்.

"யார்கிட்ட சொன்ன?"

"உன்கிட்டதான் மொதல்ல."

"அப்ப என்னோடயே நிக்கட்டும். வாய மூடிக்கிட்டு இரு மச்சான். அந்தத் தாள்ல ரெண்டு பேர் எழுத்தும் இருக்கு. சூப்பர்வைசர் வேலை வருது எனக்கு. கெடுத்துடாதலா."

"நாளைக்கு எவனாவது இத அவன் அப்பனுக்கு மூக்குல ஊத்துவான், மாணிக்கம். ஞாபகம் வரும்னு நம்பி ஊத்துவான்."

"ஊத்தட்டுமே. செத்தா போவான்? அடுத்த சோதனையில தன்னால தெரிஞ்சிரும். நாம ஏன் போயி தலைய குடுக்கணும்?"

"தாள் பூரா நானே எழுதினேன்னு சொல்றேன். நீ இதுல இல்ல."

அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான்.

"என் எழுத்து டாக்டருக்குத் தெரியாதா? இந்தப் பாரு. உங்க வேதத்துல ஒருத்தன் இருந்தான்ல, கூட உக்காந்து சாப்பிட்டுட்டே போயிக் காட்டிக் குடுத்தவன். அவன் பேரு என்னா?"

 அவன் எழுந்து போய்விட்டான். இரண்டு டீக்கும் அவனே கொடுத்துவிட்டுத்தான் போனான்.

அன்றிரவு தூங்கினேனா என்று கேட்காதீர்கள். மறுநாள் காலை டாக்டரின் அறைக் கதவை இரண்டு முறை தட்டினேன்.

அவர் குறுக்கிடாமல் கேட்டார். பென்சிலைக் கீழே வைத்துவிட்டார். நெரை என்றால் என்ன என்று மட்டும் கேட்டார், சொன்னேன். தாளைக் கொண்டுவரச் சொன்னார். எல்லாம் நான் எழுதியது என்றேன். அவர் மாணிக்கத்தின் முதலெழுத்தான 'எம்' இரண்டு கையெழுத்தில் இருப்பதை விரலால் தொட்டுக் காட்டிவிட்டு, "அருள், பொய் போதும்" என்றார். கோபம் இல்லை. அதைவிட மோசமாக, ரொம்பக் களைத்துப்போன குரல். பிறகு எழுந்து கடிகாரத்தைக் கழற்றிப் பைக்குள் போட்டார்.

தொட்டி அறையில் அவர் செய்தது மூன்றே காரியம். முதலில் என்னை வெளியே நிறுத்திவிட்டு, வேறு பிரிவிலிருந்து ஒரு பெண்ணை வரவழைத்து ஸ்டூலில் உட்கார வைத்தார். மஞ்சள் எலிகள் அறுபது வினாடியும் சுற்றின. அடுத்து என்னை உட்கார வைத்து, பேசாதே என்றார். சுற்றின. மூன்றாவதாக, ஸ்டூலைத் தூக்கி மேடைக்கு நேர் எதிர்ப்பக்கம் போட்டார். மேடையை அசைக்கவில்லை.

"கிரா" என்றார். எண்ணு.

மாணிக்கம்தான் எலிகளைக் கொண்டுவந்து விட்டான். என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் எண்ணத் தொடங்கினேன். முதல் எலி நேரே என்னிடம் வந்தது. அங்கே மேடை இல்லை, வழவழப்பான சுவர்தான். முன்னங்கால்களால் சுவரைப் பிறாண்டிக்கொண்டே இருந்தது. அறுபது வினாடியும் அங்கேயே. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதும்.

"உலாங்" என்றார் டாக்டர்.

கடைசியில் பதினான்கு. கிழவன் தண்ணீரில் விழுந்து, வழக்கம்போல ஒரு சுற்று சுற்றி, மூக்கை உயர்த்தினான். நான் எண்ணினேன். வந்தான். சுவரில் மோதி, விலகி, மறுபடி மோதினான். எனக்கும் அவனுக்கும் நடுவில் ஒரு முழம்கூட இல்லை. கையை நீட்டக் கூடாது. ஏழுக்கு மேல் எனக்குக் குரல் வரவில்லை.

"எட்டு" என்றார் டாக்டர் சியூ. "ஒம்பது. பத்து."

தமிழில்தான் சொன்னார், சீன ராகத்தில், சுத்தமாக. தமிழில் எண்ண அவருக்கு யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. இத்தனை நாளும் சோதனையின்போது பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். எனக்குத் தெரியாமல் நான் எண்ணியது, அவருக்கும் தெரியாமல் அவர் காதில் விழுந்து மனப்பாடம் ஆகியிருக்கிறது. அவர் குரலுக்குப் பதினான்கு திரும்பவில்லை. என் முன்னால் சுவரிலேயே நின்று கால் அடித்துக்கொண்டிருந்தான்.

டாக்டர் பெரிய விளக்கைப் போட்டார். மேசையிலிருந்த என் நோட்டுப் புத்தகங்களை அடுக்கி, கையில் எடுத்துக்கொண்டு போனார். வெளிநாட்டுக் குழுவுக்கு வர வேண்டாம் என்று அன்றைக்கே எழுதிவிட்டார். சோதனையின்போது தொட்டி அறைக்குள் யாரும் உட்காரக் கூடாது, கண்ணாடிக்கு வெளியே நின்றுதான் நேரம் எழுத வேண்டும் என்ற சட்டம் அதற்குப் பிறகு வந்ததுதான். அந்தப் பெப்டைடை அவர் மறுபடி தொடவில்லை. நான் ஓய்வு பெறும்வரை என்னிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. ஆனால் அதற்குப் பிறகு எங்கள் அறைக் கதவையும் தட்டிவிட்டுத்தான் திறப்பார்.

எலிகள் என்ன ஆயின என்று நூர்ஜஹான் புத்தகத்தில் போட மாட்டாள். சோதனை முடிந்தால் அவற்றை விட்டுவைக்க முடியாது, விதி அப்படி. பெட்டியில் வைத்து வாயுவைத் திறப்பது என் வேலை. வேறு ஆளை விடுகிறேன் என்றார் டாக்டர். வேண்டாம், என் நெரை என்றேன். ஒவ்வொன்றுக்கும் பத்து வரை எண்ணினேன். பதினான்குக்கு மட்டும் இரண்டு முறை.

எனக்கும் மாணிக்கத்துக்கும் எச்சரிக்கைக் கடிதம் வந்தது. சொன்னவன் என்பதால் என்னை அங்கேயே வைத்துக்கொண்டார்கள். அவனுக்கு மேற்பார்வையாளர் வேலை போனது. ரசாயனக் கிடங்குக்கு மாற்றினார்கள். ஒரே வளாகம், ஒரே வாசல். எட்டு வருஷம் தினமும் காலையில் எதிரெதிரே நடந்தோம். நான் நின்றுவிடுவேன். அவன் நடையை மாற்றாமல் போவான். மூன்றாவது வருஷம் நிற்பதை நானும் விட்டுவிட்டேன். நான் செய்தது சரி என்று இன்றைக்கும் சொல்வேன். சரியைச் செய்துவிட்டால் மனம் லேசாகும் என்று கோயிலில் சொல்வார்கள், எனக்கு ஆகவில்லை. பிலோமினா போனபோது வீடு காலியானது. மாணிக்கம் போனபோது ஊரே காலியானது.

போன மாதம் எனக்கு வலது கண்ணில் புரை எடுத்தார்கள். ஈப்போ ஆஸ்பத்திரியில் ஒரு தாதிப் பெண், "வீட்ல யாரு அங்கிள் சொட்டு மருந்து போட்டு விடுவா?" என்று கேட்டது. மகள் வந்து நான்கு நாள் இருந்தாள். அவளுக்கும் வேலை, பிள்ளைகள். அவள் பஸ் ஏறிய அன்று மாலையே தெரிந்துவிட்டது. இருபத்தொன்பது வருஷம் எலி மூக்கில் ஒரு சொட்டுச் சிந்தாமல் விட்ட கை, என் கண்ணுக்கு வந்ததும் நடுங்கியது. கன்னத்தில் விழுந்தது, காதுக்குள் போனது. குப்பியில் பாதி காலி.

மாணிக்கத்தின் எண் மறக்கவில்லை. ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுத்தான் அழுத்தினேன்.

"ஹலோ, யாரு?"

"மாணிக்கம், நான்தான். அருளு."

அந்தப் பக்கம் டிவி ஓடிக்கொண்டிருந்தது. அவன் வைக்கவில்லை. நான் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனேன். கண் ஆபரேஷன், மகள் போய்விட்டாள், கை நடுங்குகிறது, சொட்டு உள்ளே போக மாட்டேன் என்கிறது. ஒரு தடவை வந்துவிட்டுப் போ என்று கேட்க வாய் வரவில்லை. ஆனால் வேறு எதற்காக ஒருவன் பன்னிரண்டு வருஷம் கழித்துக் கூப்பிட்டு இதையெல்லாம் சொல்வான், அவனுக்குத் தெரியாதா என்ன.

டிவி சத்தம் நின்றது. 

"அது உன் நெரை, மச்சான்" என்றான். "நீதான் பாத்துக்கணும்."

வைத்துவிட்டான்.

அவன் அதை எப்படிச் சொன்னான் என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. குத்திக் காட்டியதுதான். ஆனால் மச்சான் என்றான். அந்த வார்த்தை இல்லாமலும் அந்த வாக்கியத்தைச் சொல்லியிருக்க முடியும். நூர்ஜஹான் கேட்ட சந்தோஷமான நினைவுக்கு என்னிடம் இதைவிடப் பெரிதாக ஒன்றுமில்லை.

போனை வைத்துவிட்டுக் கட்டிலில் மல்லாந்து படுத்தேன். இடது கையால் கீழ் இமையை இழுத்து, குப்பியைக் குலுக்காமல் பிடித்து, ஒரு சொட்டு விட்டேன். சிந்தவில்லை. கண்ணை மூடிக்கொண்டு பத்து வரை எண்ணினேன், வாசல்வரை கேட்கும்படி.